ஐஸ் மலைக்கு எந்த ஸ்கீ?

வன்கூவரில் இருக்கும் என் மச்சாள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது பனியில் சறுக்கத் தான் வைத்திருந்த ஸ்கீப் பலகைகளில் ஒரு சோடியை எனக்கென்று கொண்டுவந்தார். "மச்சாள், இதைப் போட்டுப் பாருங்கோ, மிதக்கிற மாதிரி இருக்கும்" என்றார். நீளம் 164 சென்ரிமீற்றர். பூட்ஸ் நிற்கும் இடத்தில் அகலம் 106 மில்லிமீற்றர். மேலே ஒரு கீறல்கூட இல்லை. அதுவரை ஐந்து வின்டராக வாடகை ஸ்கீயிலேயே சறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அது மிகப் பெரிய பரிசு.

அடுத்த செவ்வாய் இரவே எங்கள் மலைக்குக் கொண்டுபோனேன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மார்க்கம் நகரிலிருந்து வடகிழக்கே முக்கால் மணி நேர ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை பெய்திருந்தது. திங்கள் இரவு வெப்பநிலை மைனஸ் 14க்கு இறங்கியது. செவ்வாய் இரவு விளக்கு வெளிச்சத்தில் மலை முழுவதும் கண்ணாடி போல மின்னியது. முதல் வளைவிலேயே ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. சரி, வேகம் கூடிவிட்டது என்று நினைத்து மெதுவாகப் போனேன். அப்போதும் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு முழங்காலின் உட்பக்கமும் வலிக்கத் தொடங்கியது. வாடகை ஸ்கீயில் ஒருநாளும் அப்படி வலித்ததில்லை.

கதிரை லிப்டில் என் பக்கத்தில் வந்து இருந்தவர் எழுபது வயது தாண்டிய ஒருவர். என் ஸ்கீயைக் குனிந்து பார்த்தார். "மிக நல்ல ஸ்கீ. ஆனால் இந்த மலைக்குச் செய்தது இல்லை" என்றார். மேலே போய்ச் சேர எடுத்த ஐந்து நிமிடத்தில், ஐந்து வருடமாக நான் யாரிடமும் கேட்காத விஷயத்தை அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் ஸ்கீ பழகுகிறார்கள். வாங்கும்போது யூரியூபில் காட்டும் மலையை மனதில் வைத்து வாங்கினால் காசும் போகும், காலும் போகும்.

முதலில் நம் மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கு ஒன்ராறியோவில் உண்மையான மலைத்தொடர் கிடையாது. இருப்பவை இரண்டு வகை. ஒன்று, பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுப்போன மணலும் பரலும் குவிந்த ஓக் ரிட்ஜஸ் மொரெயின் மேடு. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 160 கிலோமீற்றர் நீளம். மற்றது நயாகரா எஸ்கார்ப்மென்ற் என்ற பாறைச் சரிவு. மில்ற்றனில் 401 நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் கிளென் ஈடன் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. கொலிங்வுட்டுக்குப் பக்கத்தில் ஜோர்ஜியன் பே ஓரமாக இருக்கும் புளூ மவுன்ரினும் அதே சரிவுதான். நாம் "பெரிய மலை" என்று இரண்டு மணி நேரம் ஓடிப்போகும் புளூ மவுன்ரின் அடியிலிருந்து உச்சிவரை 219 மீற்றர். வன்கூவருக்கு வடக்கே, மச்சாள் சறுக்கும் விஸ்லர் பிளாக்கொம்பில் அது 1,600 மீற்றர். இந்த வித்தியாசம் எனக்கு ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை. சின்ன மலையில் ஒரே இரவில் இருபது தரம் இறங்கலாம், ஒரே வளைவை இருபது தரம் திருத்தலாம். ஆனால் அங்கே கால் வைக்கும் பனி வேறு பனி என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் மலைகளின் அடிப்பனியில் பெரும்பகுதி இயந்திரம் செய்தது. வெப்பநிலை மைனஸ் மூன்று நான்குக்குக் கீழே போனதும் குழாய்த் துப்பாக்கிகள் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து வானத்தில் தூவும். துளி நிலத்தில் விழுமுன் உறைந்துவிடும். அது வானத்திலிருந்து வரும் ஆறு கை நட்சத்திரம் இல்லை, உருண்டைக் குறுணி. அதனால் நெருங்கி இறுகிப் படியும். அதன் மேல் ஜனவரியில் ஒரு மழை, பிறகு ஒரு குளிர். இரவில் பெரிய இயந்திரம் வந்து மேல்தோலை அரைத்துச் சீப்பால் வாரியதுபோலக் கோடு போட்டுவிடும். காலை ஒன்பது மணிக்கு அது அவ்வளவு அழகாக இருக்கும். மதியத்துக்குள் நூற்றுக்கணக்கான பேர் அந்தப் பொடியை ஓரத்துக்குச் சுரண்டித் தள்ளிவிடுவார்கள். நடுவில் சாம்பல் நிறமாகத் தெரிவதுதான் ஐஸ். வின்டரில் பாதி நாள் நாம் சறுக்குவது அதன் மேல்.

இப்போது அகலமான ஸ்கீ ஏன் அங்கே வேலை செய்யவில்லை என்பதற்கு வருகிறேன். ஐஸில் நம்மைப் பிடித்து வைப்பது ஸ்கீயின் ஓரத்தில் ஓடும் மெல்லிய இரும்பு விளிம்பு. ஸ்கீ ஒடுக்கமாக இருந்தால் அந்த விளிம்பு நம் பூட்ஸின் ஓரத்துக்கு நேர் கீழே வரும். காலைச் சரித்தவுடன் நம் எடை நேராக அதன் மேல் இறங்கும். ஸ்கீ அகலமாக இருந்தால் விளிம்பு பாதத்துக்கு வெளியே போய்விடும். அப்போது ஐஸ் அந்த விளிம்பை மேலே தள்ளி, சரித்த ஸ்கீயைத் திரும்பத் தட்டையாக்கப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடித்து வைத்திருப்பது நம் கணுக்காலும் முழங்காலும். எனக்கு வலித்தது அதனால்தான். பொடிப்பனியில் நிலைமை தலைகீழ். அங்கே அகலம்தான் நம்மை மூழ்காமல் மேலே வைத்திருக்கிறது. விஸ்லரில் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து மீற்றருக்கு மேல் பனி கொட்டும். மச்சாளுக்கு 106 சரி. எனக்கு அது தேவைப்படும் நாள் இங்கே வருடத்தில் இரண்டு வந்தாலே அதிகம்.

ஆகவே நம் பக்கத்து மலைகளில் சறுக்குபவர்களுக்கு என் எண்ணம் இது: பூட்ஸுக்குக் கீழே 70 முதல் 80 மில்லிமீற்றர் வரை இருக்கும் ஸ்கீயைத் தேடுங்கள். அந்த எண் ஸ்கீயின் மேலேயே அச்சடித்திருக்கும். மூன்று எண்கள் வரிசையாக இருந்தால் நடுவில் இருப்பது அதுதான். வருடத்துக்கு ஒருமுறை கியூபெக்கில் மொன் திரொம்பிளான் போவீர்கள் என்றாலும் இது போதும். அங்கேயும் குளிர் கடுமையானது, பனி இறுகியது. அப்புறம் ஆர் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். விளிம்பின் வளைவை ஒரு வட்டமாக நீட்டினால் அந்த வட்டத்தின் ஆரம் எத்தனை மீற்றர் என்பது அது. பன்னிரண்டு முதல் பதினைந்துக்குள் இருந்தால் குறுகலான நம் ஓடைகளில், அதாவது சறுக்கும் பாதைகளில், நன்றாகத் திரும்பும். இருபது என்றால் அது அகன்ற பெரிய மலையில் நீண்ட வளைவுகள் போடுவதற்கு.

நீளத்துக்கு எல்லோரும் சொல்லும் கணக்கு, பழகுபவருக்கு நாடி உயரம், கொஞ்சம் தேறியவருக்கு மூக்கு உயரம், வேகமாகப் போகிறவருக்கு நெற்றி. அது தொடங்குவதற்கு நல்லது. ஆனால் ஸ்கீக்கு நம் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவர் இருபது கிலோ கூட என்றால் இருவருக்கும் ஒரே நீளம் சரிவராது. நான் 158 சென்ரிமீற்றர். கடைசியில் நான் வாங்கியது 149 நீளம், 74 அகலம், ஆரம் 13 மீற்றர்.

அதை வாங்க எனக்கு இன்னும் ஒரு வின்டர் எடுத்தது. ஏனென்றால் அந்தப் பெரியவர் லிப்டிலிருந்து இறங்கும்போது கடைசியாகச் சொன்னது: "முதலில் பூட்ஸை வாங்கு. ஸ்கீ பிறகு." இந்த ஒரு வரியை நான் இன்று எல்லோருக்கும் சொல்கிறேன். கால் ஆட்டுவதை ஸ்கீக்குக் கொண்டுபோவது பூட்ஸ்தான். அது தளர்வாக இருந்தால் எவ்வளவு நல்ல ஸ்கீயும் பேச்சுக் கேட்காது.

ஐந்து வருடமும் வாடகைக்கு நான் எடுத்தது 25.5. அதுதான் சுகமாக இருந்தது. பூட்ஸ் பொருத்தும் ஒருவரிடம் போய் நின்றபோது அவர் என் பாதத்தை அளந்து 23.8 சென்ரிமீற்றர் என்றார். ஸ்கீ பூட்ஸின் அளவு எண் வேறொன்றும் இல்லை, பாதத்தின் நீளம் சென்ரிமீற்றரில். நான் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் பெரிய சப்பாத்துக்குள் ஐந்து வருடம் காலை அலைய விட்டிருக்கிறேன். குதி மேலே எழும்பும், அதைப் பிடிக்க விரல்கள் சுருண்டுகொள்ளும், பாதத்தில் நோவு வரும், நோவு வந்தால் "இறுக்கமாக இருக்கிறது" என்று நினைத்து இன்னும் பெரியது கேட்பேன். நிறையப் பேர் இந்தச் சுழலில் மாட்டியிருக்கிறார்கள்.

அவர் செய்த சோதனை எளிமையானது, நீங்களும் கேட்டுச் செய்விக்கலாம். உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்ரிக் ஓட்டுக்குள் காலை வைக்கச் சொன்னார். விரல் நுனி முன்னால் தொட்டுக்கொண்டிருக்க, குதிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று விரலை விட்டுப் பார்த்தார். ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் என்றால் சரி. பிறகு மெத்தையைப் போட்டுக் கொக்கிகளைப் பூட்டி, நிமிர்ந்து நிற்கச் சொன்னார். விரல்கள் முன்னால் மெல்ல முட்டின. முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்ததும் குதி பின்னால் போய் இருந்தது, விரல்களுக்கு இடம் வந்தது. அந்த நிலையில்தான் நாம் மலையில் நிற்கப் போகிறோம். இருபது நிமிடம் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தேன். ஒரு புள்ளியில் மட்டும் கூர்மையாக வலித்தால் அந்த இடத்தில் பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடலாம். எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி கைகுலுக்குவதுபோல இறுக்கினால் அது சரியான அளவு.

பெண்களுக்கு ஒன்று. நம்மில் பலருக்குக் கெண்டைக்கால் தசை கீழேயே தொடங்கும். ஆண்களுக்கான பூட்ஸின் மேல்விளிம்பு அந்தத் தசையை நெரிக்கும், கொக்கி பூட்டவே முடியாது. பெண்களுக்கான பூட்ஸில் அந்த விளிம்பு தாழ்வாக வரும். மகனுடைய பழையதைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதேபோல இரண்டு சொக்ஸ் போட்டால் குளிராது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். இரத்தம் ஓட இடமில்லாமல் கால் இன்னும் விறைக்கும். முழங்கால்வரை வரும் மெல்லிய ஒரு கம்பளி சொக்ஸ் போதும். உள்ளே நீண்ட காற்சட்டையின் ஓரம் மாட்டக்கூடாது.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஸ்கீக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள், கையெழுத்து வேண்டும். எனக்குப் பயம். வடமராட்சியில் வளர்ந்தவள் நான். கனடா வந்த பிறகும் பனி என்றால் அள்ளுவதற்கும் வழுக்குவதற்கும் உள்ள ஒன்று. அவள் அன்று பின்னேரம் வந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று கனேடிய ஸ்கீ கவுன்சில் குறைந்த கட்டணத்தில் ஸ்னோபாஸ் என்று ஒன்று கொடுக்கிறது. நாடு முழுவதும் பல மலைகளுக்கு அதைக் காட்டிப் போகலாம். அதை எடுத்தோம். இரண்டாம் தரம் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, காருக்குள் மூன்று மணி நேரம் இருந்தேன். மூன்றாம் தரம் நானும் ஒரு பாடத்துக்குப் பெயர் கொடுத்தேன். வயது 39. "அம்மா, முழங்காலை மடியுங்கோ, நிமிர்ந்து நிக்காதேங்கோ" என்று கீழே நின்று கத்தியவள் அவள்தான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரொறன்ரோ நகரசபையே ஏர்ல் பேல்ஸ் பூங்காவில், பாதர்ஸ்ற் ஷெப்பர்ட் சந்திக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கீ இடம் நடத்துகிறது. பஸ்ஸிலேயே போகலாம். மிகச் சின்ன மேடுதான். நிற்கவும் திரும்பவும் பழக அதைவிடப் பெரியது தேவையில்லை.

மலையின் பழக்கவழக்கம் எனக்கு ஸ்கீயைவிட மெதுவாகத்தான் பிடிபட்டது. மலையடியில் எல்லோரும் இளைப்பாறும் லொட்ஜுக்குள் முதல்நாள் போனபோது யாருடையதோ வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. வாங்குகளின் கீழே சப்பாத்துகளும் பைகளும் அப்படியே கிடக்கும், யாரும் காவல் இல்லை. தரை முழுக்க உருகிய பனித்தண்ணீர். எல்லோரும் பிளாஸ்ரிக் பூட்ஸில் டக்டக்கென்று நடப்பார்கள். நாங்கள் கொண்டுபோன மட்டன் ரோல்ஸை வெளியே எடுக்கலாமா என்றே யோசித்தோம். பிறகு பார்த்தால் பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் பெரிய பிளாஸ்க்கில் சூப் ஊற்றிக் குடிக்கிறது, அங்காலே ஈரானியர்கள் கட்லெற் பிரிக்கிறார்கள். சொந்தச் சாப்பாடு கொண்டுவருபவர்களுக்கென்றே பல லொட்ஜுகளில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இப்போது எங்கள் ரோல்ஸுக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மலையில் காயப்பட்டவர்களுக்கு உதவும், சிவப்பு ஜக்கெற் போட்ட ஸ்கீ பற்றோல் தொண்டர் ஒருவர் செவ்வாய் இரவுகளில் எங்கள் மேசையைத் தாண்டும்போது நின்று ஒன்று எடுத்துக்கொண்டுதான் போவார். அவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

கொலிங்வுட் பக்கம் அதே சரிவில் அங்கத்தவர்களுக்கு மட்டுமான தனியார் கிளப்புகள் வரிசையாக இருக்கின்றன. அந்த உலகம் எங்களுக்கு எட்டாது. ஆனால் புளூ மவுன்ரினைத் தொடங்கியவரும் எங்களைப்போல வந்தேறியவர்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து கனடா வந்த யோசோ வைடர் 1941இல் அதைத் தொடங்கினார்.

வரிசையில் நின்றால் "சிங்கிள்?" என்று ஒருவர் கூப்பிடுவார். தனியாக வந்தவர் கையைத் தூக்கிப் போய் அந்தக் கதிரையில் ஏறிக்கொள்ள வேண்டும். ஒரு இடத்தையும் வெறுமையாக மேலே அனுப்பக்கூடாது என்பது அங்கே மரியாதை. நான் கற்றதில் பாதி அந்தக் கதிரைகளில்தான். புதன் காலைகளில் வரும் ஓய்வுபெற்றவர்களோடு ஏறினால் எந்த ஓடையில் இன்று ஐஸ் வெளியே தெரிகிறது, எந்தப் பக்கம் மரநிழலில் பனி இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். இறங்கும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நமக்குக் கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. அவரை விலத்துவது மேலே இருந்து வருபவரின் பொறுப்பு. மேட்டுக்கு அடியில், மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கக்கூடாது. பிள்ளைகளுக்கு இதை ஹெல்மெற்றோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

பழைய ஸ்கீ வாங்குவதில் தவறில்லை. இலையுதிர் காலத்தில் ஸ்கீ பற்றோலும் உள்ளூர்க் கழகங்களும் பல இடங்களில் பழைய பொருட்களின் விற்பனை வைப்பார்கள். போகும்போது இரண்டைப் பாருங்கள். விளிம்பு இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒன்று. மற்றது, பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங். விழும்போது பூட்ஸை விடுவிப்பது அதுதான், கால் முறியாமல் காப்பதும் அதுதான். உற்பத்தியாளர்கள் பழைய மாதிரிகளைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் எந்தக் கடையும் அதைச் சரிசெய்து தராது. என் தம்பி ஒரு விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய மலிவான சோடி அப்படித்தான் சுவரில் தொங்குகிறது. பூட்ஸின் அடியும் பைண்டிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வகையா என்பதையும் கடையில் காட்டிக் கேளுங்கள். பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்ஸை விடுவிக்க வேண்டும் என்ற எண்ணை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், எப்படிச் சறுக்குகிறோம் என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஸ்க்ரூ ட்ரைவரால் வீட்டில் திருகாதீர்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு வாங்கவே வேண்டாம். சீசன் வாடகை எடுங்கள். செப்ரெம்பர், ஒக்ரோபரில் போனால் அளவு கிடைக்கும். டிசம்பரில் போனால் மிஞ்சியதுதான்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. ஸ்கீயைக் கார்க் கூரையில் வெறுமனே கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வந்தால் பனியை உருக்க வீதியில் போடும் உப்பு கலந்த தண்ணீர் முழுவதும் விளிம்பில் தெறிக்கும். அடுத்த வாரம் துரு. பைக்குள் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து உலர விடுங்கள். ஐஸ் மலையில் நாலைந்து தரம் போனாலே விளிம்பு மழுங்கிவிடும். நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தால் சுரண்டித் தூள் வரவேண்டும். வராவிட்டால் தீட்டக் கொடுங்கள், கீழே மெழுகும் போடச் சொல்லுங்கள். தீட்டிய 74, தீட்டாத மிக விலையுயர்ந்த ஸ்கீயைவிட நன்றாகப் பிடிக்கும். இதை நான் என் காலால் அறிந்திருக்கிறேன்.

போன பெப்ரவரியில் மச்சாள் வீட்டுக்குப் போனோம். 106 சோடியைக் கூடவே கொண்டுபோனேன். விஸ்லரில் இரண்டாம் நாள் விடியும்போது முழங்கால் அளவுக்குப் புதுப்பனி. முதல் வளைவில் ஸ்கீ சத்தமே இல்லாமல் மேலே எழும்பி வந்தது. மச்சாள் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன மிதப்பு அதுதான். திரும்பி வரும்போது அதை அவர் வீட்டுக் கராஜிலேயே வைத்துவிட்டு வந்தேன், அங்கே போகும்போது போட்டுக்கொள்வேன்.

இந்த ஞாயிறு மழை, திங்கள் இரவு மைனஸ் 13 என்று காலநிலையில் போட்டிருக்கிறது. 74ஐ இன்று காலை தீட்டக் கொடுத்திருக்கிறேன். மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறாள், செவ்வாய் இரவுக்கு ரோல்ஸ் போட வேண்டும்.